மஞ்சள் கவுனும் பதினான்கு வினாடியும்

ஹிமெனா பெசாந்தெஸ் எங்கள் கடையில் சேர்ந்த முதல் வாரமே, எங்கள் இணையதளத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைக் காணாமல் அடித்துவிட்டாள். முதலாளி டொன் வெல்லிங்டன் அப்படித்தான் சொன்னார். "தெனம் முந்நூறு பேர் வந்துட்டிருந்த எடம். இவ வந்த ஆறாம் நாளு எழுபது! இது என்ன வியாதி?" என்று வெட்டு மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நான் அப்போது ரோஜா நிறப் பட்டில் கத்தரியை வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்திருந்தால் யாரோ ஒரு பெண்ணின் பதினைந்தாவது பிறந்தநாள் கந்தலாகியிருக்கும்.

நான் மரியூக்சி பஹாஞா. குவாயாகில் நகரத்தின் நடுவில், தூண் வரிசைக்குக் கீழே இருக்கும் 'அசஹார்' கடையில் இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறேன். பெண்களின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு நாங்கள் கவுன் தைப்போம், வாடகைக்கும் கொடுப்போம். இந்த ஊரில் அந்த விழாவுக்கே ரோஜா நிற விழா என்றுதான் பெயர். அதனால் என் நகக்கண்ணில்கூட ரோஜா நிற நூல் இருக்கும். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முந்நூறு எப்படி எழுபதானது என்பதைக் கேளுங்கள். டொன் வெல்லிங்டன் எங்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். காலை பத்து மணிக்குக் கடையில் இருக்கும் பதினான்கு பேரும் போனை எடுத்து நம் இணையதளத்தைத் திறக்க வேண்டும். "தளத்துக்குத் தெம்பு வரணும்" என்பார். எங்களோடு போயிற்றா? அவருடைய தங்கைகள், மைத்துனர்கள், மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராக நின்ற குடும்பத்தார், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் திறப்பார்கள். நல்லெண்ணம் மிகுந்தவர்கள் மூன்று தடவை திறப்பார்கள். ஹிமெனா வந்ததும் எங்கள் எல்லோரையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க, டொன் வெல்லிங்டன். அந்த முந்நூறுல இருநூத்தி முப்பது நாமதான்" என்றாள்.

"நாமளும் மனுஷங்கதானே?"

"மனுஷங்கதான். ஆனா நம்மள்ல யாருக்கும் பதினஞ்சு வயசு ஆகப்போறதில்லையே."

நான் சிரித்துவிட்டேன். டொன் வெல்லிங்டன் சிரிக்கவில்லை. இறந்தோர் நாள் விடுமுறைக்குள் இந்தத் தளத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கவுன் ஆர்டர் வந்தாக வேண்டும், வராவிட்டால் தளத்தையும் மூடிவிட்டு அவளையும் மலைக்கு பஸ் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது ஆகஸ்ட். இறந்தோர் நாள் நவம்பர் இரண்டு. மூன்று மாதம்கூட இல்லை.

மலை என்றால் குவெங்கா. ஹிமெனா அந்த ஊர்க்காரி. நாற்பத்தோரு வயது, ஒல்லி உடம்பு, எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பேச்சில் ஒரு இழுவை. நாங்கள் கடற்கரைக்காரர்கள் யாரையும் எடுத்த எடுப்பில் நீ, வா, போ என்போம். அவள் டீ கொண்டுவருகிறவனைக்கூட நீங்க என்பாள். முதலாளியை டொன் என்பதுபோல என்னையும் டோஞா என்று மரியாதை சேர்த்தே கூப்பிடுவாள். தொப்பி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தவள். எந்த நாட்டுக்காரன் இணையத்தில் எந்தத் தொப்பியை எத்தனை நேரம் பார்த்தான் என்று பார்க்கக் கற்றது அங்கேதான். கம்பெனி மூடிவிட்டது. புருஷன் அதற்கு முன்பே நியூயார்க் போனவன். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. இவள் அவனுடைய அம்மா வீட்டில், பின்கட்டு அறையில், புருஷன் இல்லாத வீட்டுக்கு மருமகளாக எட்டு வருடம் இருந்திருக்கிறாள். "என் மாமியார் நான் எத்தனை தடவ தண்ணி குடிக்கிறேன்னு எண்ணுவாங்க, டோஞா மரியூக்சி. எண்ணுறதுக்கு எனக்குப் பயிற்சி அங்கதான்" என்று ஒருநாள் சொன்னாள். வேலை போனால் அந்தப் பின்கட்டு அறைதான். வேறு இடம் இல்லை.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். கடைக்குள் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கண்ணாடி முன்னால் நின்றார்கள், எத்தனை பேர் ஒன்றும் கேட்காமல் திரும்பினார்கள் என்று எல்லாம் எண்ணுவாள். அவளுடைய கம்ப்யூட்டரில் இருப்பதும் அதே வேலைதான். அனலிடிக்ஸ் என்று பெயர். தளத்துக்குள் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை வினாடி இருந்தார்கள், எந்த இடத்தில் ஓடிப்போனார்கள் என்று கோடு கோடாகக் காட்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அந்தக் கோட்டில் ஒரு பள்ளத்தைக் காட்டினாள்.

"பாருங்க. பத்துப் பேர் வர்றாங்க. ஏழு பேர் ஒரு கவுனைக்கூடப் பாக்காம போயிடுறாங்க. வாசல்லயே."

"ஏன்? வாசல்ல நாயா கட்டியிருக்கு?"

"வீடியோ கட்டியிருக்கு" என்றாள்.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தளத்தைத் திறந்ததும் டொன் வெல்லிங்டனின் மகள் ஹெனெசிஸ் தன் பதினைந்தாவது பிறந்தநாளில் அப்பாவோடு ஆடிய நடனம் வரும். ஆறு நிமிடம். கவுன் நான் தைத்தது, ஒன்பது அடுக்கு. அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்துநாலு வயது. ஸ்பெயினில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் அப்பா பிறந்தநாளுக்கும் போன் செய்வாள், மூன்று நிமிடம் பேசுவாள். டொன் வெல்லிங்டன் தினம் காலையில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோவைப் பார்ப்பார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து யாரையாவது திட்டுவார். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போன விஷயம்.

ஹிமெனாவுக்குப் பழகவில்லை. நேராக அவரிடம் போய் வீடியோ கனமாக இருக்கிறது, போனில் டேட்டா போட்டுப் பார்ப்பவர்களுக்கு அது திறக்கவே பதினான்கு வினாடி ஆகிறது, அதுவரை யாரும் நிற்பதில்லை, எடுத்துவிடலாம் என்றாள்.

"என் ரூம்ல டக்குனு வருதே?"

"உங்க கம்ப்யூட்டர் அதை எப்பவோ உள்ள வாங்கி வெச்சிருக்கு. அதனால ஒடனே காட்டுது. புதுசா வர்றவங்களுக்கு அப்படி இல்ல."

"பதினாலு வினாடி ஒரு பெரிய விஷயமா? என் பொண்ணு பதினஞ்சு வருஷம் வளந்து ஆடியிருக்கா!"

சரி, வேறு பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டாள். "என் பொண்ணு பின்வாசல்ல நிக்கணுமா?" என்றார். சுருக்கிச் சின்னதாக்கிக் காட்டினாள். முகம் மங்கலாகத் தெரிகிறதாம், அதுவும் வேண்டாமாம். வாரத்துக்கு இரண்டு தடவை இந்தச் சண்டை நடந்தது. அவள் குரலை உயர்த்தாமல் "மன்னிச்சுக்கோங்க" என்று ஆரம்பிப்பாள், அவர் மேசையை அடித்து முடிப்பார். நடுவில் என் கத்தரி. எனக்கு இரண்டு பேர் மேலேயும் எரிச்சல் வந்தது. எடுக்கிறாயா எடு, இல்லையா விடு. தினம் தினம் ஏன் இந்த இழுபறி?

செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மீன் சூப் குடித்துவிட்டு வெங்காய வாசனையோடு கடைக்குள் நுழைகிறேன், ஹிமெனா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ஆயிரத்து நூத்தி நாப்பது பேர்!"

"எங்க?"

"மஞ்சள் கவுன் பக்கத்துல!"

அந்தக் கவுன் ஒரு அனாதை. மிலாக்ரோ ஊர்க்காரி ஒருத்தி தன் மகளுக்குச் சூரியன் மாதிரி மஞ்சள் வேண்டும் என்று சொல்லி, தைத்து முடித்ததும் வேண்டாம் என்று போய்விட்டாள். கை இரண்டும் பலூன், இடுப்புக்குக் கீழே சுருக்கு சுருக்காக ஏழு அடுக்கு. சும்மா கிடக்கட்டும் என்று படம் எடுத்துத் தளத்தில் போட்டிருந்தார்கள். படத்துக்கு மேலே 'உன் இளவரசி காத்திருக்கிறாள்' என்று ஒரு வரி. அந்தப் பக்கத்துக்குத்தான் ஒரே நாளில் ஆயிரத்துச் சொச்சம் பேர். அதற்கு முந்தைய வாரங்களிலும் அப்படி மூன்று தடவை, ஐந்நூறு அறுநூறு என்று வந்திருக்கிறார்களாம்.

ஹிமெனா காகிதங்களை எடுத்துக்கொண்டு டொன் வெல்லிங்டன் அறைக்குள் போனாள். நானும் கூடப் போனேன். அவளுடைய வாதம் இதுதான்: இவர்கள் யாரும் வாசல் வழியாக வரவில்லை. ஒருவர் லிங்க் அனுப்ப, மற்றவர் அதைத் தொட்டு நேராகக் கவுன் பக்கத்துக்கே வந்திருக்கிறார்கள். அங்கே வீடியோ கிடையாது. வீடியோ இல்லாத இடத்துக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்றால், வாசலிலும் அது இல்லாவிட்டால் எத்தனை பேர் உள்ளே வருவார்கள்?

டொன் வெல்லிங்டன் காதில் பாதிதான் விழுந்தது. "மஞ்சளுக்கு இவ்வளவு பேரா?" என்றார். வீடியோவை மறந்துவிட்டார். "மரியூக்சி, பன்னண்டு தை. எல்லா அளவுலயும்."

"டொன் வெல்லிங்டன், ரோஜா கலர் விழாவுக்கு மஞ்சளா?" என்றேன்.

"எண்ணு பொய் சொல்லாது, டோஞா மரியூக்சி" என்றாள் ஹிமெனா. முகம் அப்படி மலர்ந்திருந்தது. அப்போதாவது நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எந்தக் கிழமை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. துணி வந்தது, வெட்டினேன். மூன்று வாரம் மஞ்சள் சாட்டின் துணியில் மூழ்கிக் கிடந்தேன். ஏழு அடுக்கு, பன்னிரண்டு கவுன், எண்பத்துநாலு சுருக்குப் பட்டை. கண்ணை மூடினால் மஞ்சள்.

அக்டோபர் முதல் வாரம் நான்கு கவுன்களைக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டினோம். ஜனங்கள் நின்றார்கள். படம் எடுத்தார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு ஆள் கூட்டாளியை இழுத்துவந்து கவுன் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தான். உள்ளே வந்து விலை கேட்டவர் ஒருவர்கூட இல்லை. "பாக்குறாங்களே, அப்புறம் வருவாங்க" என்றாள் ஹிமெனா. அவள் குரலில் இழுவை கூடியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சாப்பிடும்போது என் புருஷன் க்ளேபரிடம் புலம்பினேன். அவன் கால்பந்துப் பைத்தியம். இந்த ஊரில் இரண்டு கழகம். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். க்ளேபர் பிறந்ததிலிருந்து நீலம். நீலம் தோற்றால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் வானொலி பாடாது. பன்னிரண்டு மஞ்சள் கவுன் தைத்தேன், ஒன்றுகூடப் போகவில்லை என்று நான் சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

"எந்த மஞ்சள் கவுன்? உன் இளவரசி காத்திருக்கிறாள்னு போட்டிருக்குமே, அதுவா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் போனை எடுத்து என் முன்னால் தள்ளினான். மஞ்சள் அணி ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த ஒவ்வொரு தடவையும், மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவனுடைய கூட்டாளிகள், மச்சான்கள், பழைய தொழிற்சாலை நண்பர்கள் என்று பதினோரு பேர் அந்த லிங்கை அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். 'உன் பொண்ணு விழாவுக்கு இதை எடு.' 'உனக்கே நல்லா இருக்கும், போட்டுப் பாரு.' ஊரில் இருக்கும் நீலக்காரன் ஒவ்வொருவனுக்கும் போயிருக்கிறது.

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"உன் கடை கவுனு. என் மானம். ரெண்டுக்கும் நடுவுல நான் என்னத்தச் சொல்றது?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவன் தலையிலும் ஒன்று போட்டேன். மூன்று வாரம் என் கையால் தைத்த கேலி அது. பதில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது.

மறுநாள் கடை திறந்ததும் ஹிமெனாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டரைத் திறந்து, என்னிடம் ஆட்டத் தேதிகளைக் கேட்டாள். நான் க்ளேபருக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். ஒவ்வொரு தேதிக்கும் அடுத்த திங்கள், கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. ஆகஸ்டில் இரண்டு, செப்டம்பரில் மூன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சராசரி ஒம்பது வினாடிதான் அந்தப் பக்கத்துல இருந்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "நான் பாத்தேன். பாத்துட்டு, சீக்கிரமே புடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். ஒம்பது வினாடி. சிரிச்சுட்டு மூட அவ்வளவுதான ஆகும்?"

"மலைக்காரி! குவாயாகில்ல இருந்துக்கிட்டு ஞாயித்துக்கெழம மேட்ச் நடக்குறது தெரியாதா உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமே, டோஞா மரியூக்சி. நான் உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

நான் ஒரு வழி சொன்னேன். மஞ்சள் மோகம் இந்த வருஷம் சட்டென்று இறங்கிவிட்டது என்று டொன் வெல்லிங்டனிடம் சொல்லிவிடுவோம், அவருக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அவள் கேட்கவில்லை. எழுந்து பொத்தானைச் சரிசெய்துகொண்டு அவர் அறைக்குள் போய் முழுவதையும் அப்படியே சொன்னாள்.

கத்தல் தூண் வரிசைவரை கேட்டது. "எண்ணு பொய் சொல்லாதுன்னியே!"

"எண்ணு பொய் சொல்லல. நான்தான் தப்பாப் படிச்சேன்."

"அப்ப அந்தப் பதினாலு வினாடியும் தப்பாப் படிச்சதுதான்! என் பொண்ணை வாசல்லேருந்து வெரட்டப் பாத்தியே, அதுவும் இந்த மாதிரி ஒரு கத! இனிமே ஒரு காகிதம் எடுத்துட்டு இந்த ரூமுக்குள்ள வராதே. மாசக் கடைசியோட கெளம்பு."

நியாயம் அவர் பக்கம் பாதி இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். வீடியோ விஷயத்தில் அவள் சொன்னது சரி. அதை நிரூபிக்க அவள் பிடித்த கொம்புதான் உளுத்துப்போனது. இப்போது சரியானதும் சேர்ந்து விழுந்துவிட்டது.

அக்டோபர் ஓடியது. இறந்தோர் நாளுக்கான ஊதா நிறக் கஞ்சியும் பொம்மை ரொட்டியும் தெருவுக்குத் தெரு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹிமெனா தினம் வந்தாள், எண்ணினாள், யாரிடமும் காட்டவில்லை. ஒருநாள் அவள் மேசை இழுப்பறையில் நூல்கண்டு தேடப்போன நான் ஒரு காகிதத்தைப் பார்த்தேன். எனக்கே புரிகிற அளவுக்குச் சின்னக் கணக்கு. அந்த வீடியோவை ஒரு வருடத்தில் கடைசிவரை பார்த்தவர்கள். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை. எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். எல்லாம் காலை எட்டு மணி பத்து நிமிடம்.

"வேற ஒருத்தர்கூட இல்லியா?" என்று பக்கத்தில் இருந்த ஹிமெனாவைக் கேட்டேன்.

"இல்ல."

"எங்க பத்து மணிக் கூட்டம்?"

"தெறந்துட்டு மூடிடுவீங்க. நீங்ககூடத்தான்."

உண்மைதான். "அட பைத்தியமே, இதைக் கொண்டுபோய் அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டு! இதுல தப்பாப் படிக்க என்ன இருக்கு? வீடியோவும் போகும், உன் வேலையும் நிக்கும்!"

அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள். "காட்டினா எடுத்துடுவார்தான். அப்புறம் காலைல எட்டு பத்துக்கு என்ன செய்வார்?"

"உனக்கென்னடி அதப் பத்தி? நீ மாமியார் வீட்டுப் பின்கட்டுக்குப் போகப்போறே!"

"தெரியும்" என்றாள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. மதியம் அவள் டொன் வெல்லிங்டன் அறை வாசலில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள். "ஒரு காகிதமும் எடுத்துட்டு வரல. பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்க. பத்து நிமிஷம். ஒரு எண்ணும் சொல்ல மாட்டேன்."

"எதுக்கு?"

"நான் சொன்னது தப்பா சரியான்னு நீங்களே பாருங்க. தப்புன்னா இன்னிக்கே கெளம்பிடுறேன்."

அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளை இன்றே அனுப்பலாம் என்ற ஆசை காலை எடுத்து வைக்கவைத்தது. நானும் கத்தரியைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். டொன் வெல்லிங்டன் பஸ் ஸ்டாப்பில் நின்று இருபது வருடம் இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார்.

அங்கே ஒரு அம்மாவும் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். பெண்ணுக்குப் பதினான்கு இருக்கும். ஹிமெனா அந்த அம்மாவிடம் போனாள். "பொண்ணுக்கு விழா வருதா?"

"ஆமா, பிப்ரவரில. அதுக்குத்தான் அலஞ்சுட்டு வர்றோம்."

"அசஹார் கடைல பாத்தீங்களா? போன்லயே பாக்கலாமே."

"அசஹாரா? அது தொறக்காதுங்க" என்றாள் அந்த அம்மா. "நானே மூணு தடவ பாத்துட்டேன். சாம்பல் கலர்ல ஒரு பொட்டி வரும். அப்படியே நிக்கும். அதுக்குள்ள பஸ் வந்துடும். நாங்க எதுத்த தெருக் கடைக்குப் போயிட்டு வர்றோம்."

டொன் வெல்லிங்டன் திரும்பினார். "வெசி" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி அறிமுகமில்லாதவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். "வெசி, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு பொண்ணு ஆடுவா. பாத்ததில்ல?"

"எந்தப் பொண்ணு?"

"ரோஜா கலர் கவுன். அவ அப்பாகூட ஆடுவா."

"அப்படி யாரும் வரலீங்களே" என்று சொல்லி, அந்த அம்மா தன் போனை எடுத்துத் திறந்து அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பெட்டி. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஹிமெனா எண்ணவில்லை, வாயைத் திறக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நான்தான் மனசுக்குள் எண்ணினேன். எட்டு. ஒன்பது. வெயிலில் திரை தெரியவில்லை என்று அவர் கையைக் குவித்து மறைத்துக்கொண்டார். பதினொன்று. பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா "மன்னிச்சுக்கோங்க" என்று போனை அவர் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு மகளோடு ஏறிப் போய்விட்டாள்.

அவர் கை அப்படியே போன் பிடித்த மாதிரி நின்றது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் ஊரே தன் மகள் ஆடுவதைப் பார்க்கிறது என்று நினைத்திருந்த மனிதர். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. போய்விட்டது.

"எடுத்துடு" என்றார். "கவுனெல்லாம் முன்னாடி வரட்டும்."

"சரிங்க."

"இறந்தோர் நாள் லீவு முடிஞ்சு வேலைக்கு வா. நேரத்துக்கு வா. அந்த மஞ்சளை என்ன பண்றதுன்னு மரியூக்சியக் கேளு. எதுவா இருந்தாலும் இனிமே அவளக் கேளு."

"சரிங்க" என்றாள் மறுபடி. அவள் கழுத்துப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். பின்கட்டு அறைக்குப் போகவேண்டாம். நான் அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினேன்.

நாங்கள் கிளம்பத் திரும்பினோம். அவர் எழவில்லை.

"ஹிமெனா."

"சொல்லுங்க."

"அந்த வீடியோவ இதுவரைக்கும் எத்தன பேர் கடைசி வரைக்கும் பாத்திருப்பாங்க? உன் மெஷின்ல இருக்குமே."

நான் அவளைப் பார்த்தேன். நான்காக மடித்த காகிதம் கடையில் அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு, எட்டு பத்து, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடைப் படிக்கட்டிலிருந்து என் டப்பாவில் இருக்கும் ஊசிவரை எண்ணி வைத்திருப்பவள். தன் தப்பைக்கூட மறைக்கத் தெரியாமல் போய் ஒப்புக்கொண்டவள்.

"அதை எண்ணல, டொன் வெல்லிங்டன்" என்றாள்.